இரண்டாம் ஆண்டு முகத்துக்கு யார் பொறுப்பு?

பினாங்கின் மருத்துவச் சுற்றுலாவைப் பற்றி மேடையேறுகிறவர்கள் இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு இறங்குகிறார்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை வெள்ளி வந்தது. பெருந்தொற்றுக்கு முந்திய 2019ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் அந்த எண்கள் 12 லட்சத்துக்கு மேல், ஏறக்குறைய 170 கோடி வெள்ளி. வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர். மேடானிலிருந்து பாயான் லெப்பாசுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கூட்டத்தில் பெரும்பங்கு இந்தத் தீவின் மருத்துவமனைகளுக்குத்தான் வருகிறது.

மூன்றாவதாக ஓர் எண் உண்டு. ஃபேஸ்லிஃப்ட் எனப்படும் முகத்தூக்க அறுவை செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் ஆண்டிலும் முகம் இயல்பாக இருக்கிறது, எத்தனை பேருக்குக் காதோரத் தழும்பு விரிந்துவிட்டது, எத்தனை பேர் மறு அறுவைக்குப் போனார்கள் என்ற எண். அதை எந்த மேடையிலும் நாம் கேட்டதில்லை. எண்ணினால்தானே சொல்வதற்கு!

இதை மறதி என்று விட்டுவிட முடியாது. முகத்தூக்க அறுவையின் பலன் ஏழாம் நாள் தையல் பிரிக்கும்போது தெரிவதில்லை. வீக்கம் வடியச் சில வாரங்கள் ஆகும். மரத்துப்போன தோலில் உணர்வு திரும்பச் சில மாதங்கள் ஆகும். தழும்பு முதிர்ந்து மங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் விளம்பரம், கட்டணம், விமானச் சீட்டு, அதிகாரிகளின் மேற்பார்வை எல்லாமே முதல் வாரத்தோடு கணக்கை முடித்துக்கொள்கின்றன. மீதியைக் கண்ணாடி முன்னால் தனியாக நின்று அனுபவிப்பவர் நோயாளி. இந்த ஏற்பாட்டைக் கண்டிக்கிறோம். இதைத் திருத்த வேண்டியவர்கள் யார் என்பதையும் பெயர் சொல்லியே கேட்கிறோம்.

முதலில் விற்பனைக் கூச்சலைப் பார்ப்போம். கைப்பேசியைத் திறந்தால் போதும். கத்தியில்லை, தழும்பில்லை என்கிறது ஒன்று. மதிய உணவு இடைவேளையில் பத்து வயது குறையும் என்கிறது இன்னொன்று. ஒருமுறை செய்தால் ஆயுளுக்கும் நிற்கும் என்கிறது மற்றொன்று. கூடவே இரண்டு படங்கள். இடப்பக்கம் மங்கிய வெளிச்சத்தில் ஒப்பனையில்லாத சோர்ந்த முகம். வலப்பக்கம் பளிச்சென்ற விளக்கு, உதட்டுச் சாயம், சிரிப்பு. இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள் கழிந்தது என்று ஒரு வரி இருக்காது. அறுத்தவர் பெயரும் பதிவெண்ணும் இருக்காது. விலைத் தள்ளுபடி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

முகத்தூக்கம் என்ற ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நான்கு வேறுவேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. கரையும் நூலைத் தோலுக்கடியில் செலுத்தி இழுப்பது ஒன்று. ஃபில்லர் ஊசி போட்டுக் கன்னத்தை நிரப்புவது இரண்டு. ஒலியலைக் கருவியால் தோலைச் சூடாக்கி இறுக்குவது மூன்று. நான்காவதுதான் உண்மையான அறுவை. முதல் மூன்றும் லேசான தளர்ச்சிக்குச் சிறிது காலம் உதவலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நூல் இழுவையின் பலன் பெரும்பாலும் ஓராண்டு வாக்கில் மறைந்துவிடும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். தொங்கிய தசையை மேலே ஏற்றாது. ஏற்றுவதாக நினைத்து மேலும் மேலும் போட்டால் முகம் ஊதிப்போய், சிரிக்கும்போது கன்னம் அசையாத பொம்மையாகிவிடும். சில மாதங்கள் நிற்பதை ஆயுளுக்கும் நிற்பதாகச் சொல்லிக் காசு வாங்குவது ஏமாற்று வேலை. அதற்கு வேறு நாகரிகமான பெயர் கிடையாது.

இதைத் தடுக்க நாட்டில் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் இயங்கும் மருந்து விளம்பர வாரியம் இருக்கிறது. மருத்துவச் சேவை விளம்பரம் எதுவானாலும் அந்த வாரியத்தின் அனுமதி பெற்று, கேகேஎல்ஐயூ என்று தொடங்கும் எண்ணை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு எழுதியிருக்கும் அபராதம் அதிகபட்சம் 3,000 வெள்ளி, அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5,000 வெள்ளி, ஈராண்டு. முகத்தில் நூல் செலுத்தும் ஒரே அமர்வுக்கு 3,000 வெள்ளிக்கு மேல் வாங்கும் இடங்கள் இருக்கும்போது, இந்த அபராதத்தைக் கண்டு யார் நடுங்கப்போகிறார்கள்? வியாபாரச் செலவில் ஒரு வரியாக எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். செய்தித்தாளும் சுவரொட்டியும் மட்டுமே விளம்பரமாக இருந்த காலத்தில் விதித்த தொகை, ஒரே இரவில் லட்சம் பேரை எட்டும் காணொளிக்கு எப்படிப் பொருந்தும் என்று அமைச்சு விளக்க வேண்டும்.

இயல்பாகத் தோன்றும் முகம், நீடித்து நிற்கும் முகம் என்ற இரண்டு சொற்களையும் விளம்பரக்காரர்கள் தாராளமாக அள்ளி வீசுகிறார்கள். அவை எதனால் கிடைக்கின்றன என்று மக்களுக்குத் தெரிந்தால் பாதி வியாபாரம் படுத்துவிடும். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

முகத்தூக்க அறுவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தது. 1901இல் பெர்லினில் ஓய்கன் ஹொலண்டர் ஒரு பெண்ணுக்குக் காதோரமும் மயிர்க்கோட்டு ஓரமும் தோலை வெட்டி எடுத்துத் தைத்ததை முதல் அறுவையாகக் குறிப்பிடுவார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் எல்லாரும் அதையே செய்தார்கள்: தோலை உரி, இழு, மிச்சத்தை வெட்டு, தை. கயிற்றுக் கட்டிலின் கயிறு தொய்ந்துவிட்டபோது மேல்விரிப்பை மட்டும் இழுத்துச் செருகுவது போன்ற வேலை அது. தோல் மீள்தன்மை உள்ளது. இழுத்தால் மறுபடி தளரும். சில காலத்தில் முகம் பழையபடி இறங்கும். இறங்கும்வரைக்கும் காற்றடித்து ஒதுக்கியது போல வாய் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும். இழுப்பின் சுமையைத் தழும்பு தாங்குவதால் அது அகலும். காதுமடலின் கீழ்நுனி கன்னத்தோடு இழுபட்டு நீளும். கிருதா இருந்த இடத்தில் மயிர் இல்லாமல் போகும். ‘செய்துகொண்ட முகம்’ என்று தெருவில் போகிறவர் கண்டுபிடிப்பது இந்த அடையாளங்களை வைத்துத்தான்.

மாற்றம் 1970களில் வந்தது. 1974இல் சுவீடனின் தோர்ட் ஸ்கூக், தோலைத் தனியே உரிக்காமல் அதன் கீழ்ப்படலத்தோடு சேர்த்துத் தூக்கும் முறையை விளக்கினார். 1976இல் பாரிசில் மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் கன்னத் தோலுக்கும் முகத்தசைக்கும் நடுவிலுள்ள தசைநார்ப் படலத்தின் அமைப்பை உடற்கூற்று ஆய்வாக வெளியிட்டார்கள். மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ஸ்மாஸ் என்கிறார்கள். 1990இல் அமெரிக்காவின் சாம் ஹாம்ரா அந்தப் படலத்துக்கும் அடியில் புகுந்து, முகத்தை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்களை விடுவித்து, எல்லாவற்றையும் ஒன்றாக மேலேற்றும் ஆழ்தள முறையை எழுதினார். இவற்றின் சாரம் ஒன்றுதான்: பாரத்தை ஆழத்திலுள்ள படலம் தாங்க வேண்டும், மேல்தோல் இழுபடாமல் அதன்மேல் சும்மா கிடக்க வேண்டும். அப்படிச் செய்தால் முகபாவம் மாறாது. தழும்பு மெல்லிய கோடாக ஆறும். பலன் பல ஆண்டுகள் நிற்கும்.

ஆழத்தில் வேலை செய்வதற்கு ஒரு விலை உண்டு. கண்ணை மூடவும் உதட்டை அசைக்கவும் கட்டளை கொண்டுபோகும் முகநரம்பின் கிளைகள் அங்கேதான் ஓடுகின்றன. அந்தத் தளத்தைக் கைரேகை போல அறிந்தவர் மட்டுமே அங்கே கத்தி வைக்கலாம். முழு மருத்துவப் படிப்புக்குப் பிறகு அறுவைப் பயிற்சியும், அதன்மேல் பிளாஸ்டிக் அறுவைச் சிறப்புப் பயிற்சியும் ஏன் பல ஆண்டுகள் கேட்கப்படுகின்றன என்பதற்கு இதுதான் காரணம். ஒரு வார இறுதிப் பட்டறையில் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியவருக்கு இந்தத் தளத்தில் வேலை இல்லை.

நீடித்த பலனில் பாதி நோயாளியின் உடம்பைப் பொறுத்தது. அதையும் விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை. 1984இல் தாமஸ் ரீஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர்களுக்கு அறுவைக்குப் பின் காதோரத் தோல் கருகி உதிரும் ஆபத்து மற்றவர்களைவிட 12 மடங்குக்கு மேல் இருந்தது. கட்டுப்படாத இரத்த அழுத்தம் இருந்தால் தோலுக்கடியில் இரத்தம் கட்டும் ஆபத்து கூடும். கட்டுப்படாத நீரிழிவு இருந்தால் புண் ஆறாது, கிருமித் தொற்றும். மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் முன்னால் நிற்பது இந்தியர்களே. நம் கறுத்த தோலில் தழும்பு தடித்து மேடாவதும், காயம் பட்ட இடம் கருத்து நிற்பதும் வெள்ளைத் தோலைவிட அதிகம். நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைத் தொலைவிலுள்ள ஜோர்ஜ் டவுனில் ஆண்டு முழுக்க அடிக்கும் வெயில், புதுத் தழும்பைக் கருக்கவும் தோலின் நார்களைத் தளர்த்தவும் போதும். ஆகவே ஐரோப்பிய முகத்தின் படத்தைக் காட்டி, லிட்டல் இந்தியாவில் கடை வைத்திருக்கும் ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு அதே பலனை உறுதி சொல்வது பச்சைப் பொய். அவருடைய சர்க்கரை அளவையும், இதற்கு முன் ஆறிய புண்களின் தழும்பையும் பார்க்காமல் தேதி குறிப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

துறையின் நேர்மையானவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் உருவம் ஒத்த இரட்டையர் இரண்டு ஜோடியினருக்கு, நான்கு அறுவை நிபுணர்கள் நான்கு வேறு முறைகளில் முகத்தூக்கம் செய்தார்கள். அத்தோடு விடாமல் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, அந்த முகங்களை 2009இல் தங்கள் துறை இதழில் எல்லாரும் பார்க்க வெளியிட்டார்கள். எந்த முறை எவ்வளவு நாள் நிற்கிறது என்று சக மருத்துவர்கள் எடைபோடட்டும் என்று தங்கள் கைவேலையையே மேசைமேல் வைத்தார்கள். பத்தாண்டுப் படத்தைக் காட்டும் துணிவு அங்கே இருந்தது. இங்கே ஏழாம் நாள் படத்துக்கே பூச்சு வேலை நடக்கிறது.

மருத்துவச் சுற்றுலா என்ற ஏற்பாடு இந்தக் குறையை இன்னும் பெரிதாக்குகிறது. முகத்தூக்க அறுவைக்குப் பின் இரத்தம் கட்டுவது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் நடக்கும். அதைக் கவனிக்க மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கிருமித் தொற்று, தோல் கருகல், தழும்பு தடித்தல், உதடு ஒருபக்கம் அசையாமை ஆகியவை பின்னால் வெளிப்படும், அல்லது பின்னால்தான் உறைக்கும். அப்போது நோயாளி சுமத்ராவில் இருப்பார். 2000களிலிருந்தே ஆஸ்திரேலியர்களும் விடுமுறையோடு அறுவையையும் சேர்த்து விற்கும் பயணத் திட்டங்களில் இங்கே வந்து போயிருக்கிறார்கள்; அவர்கள் பெர்த்திலோ மெல்பர்னிலோ இருப்பார்கள். புலனத்தில் ஒரு படம் அனுப்பினால், போகப்போகச் சரியாகிவிடும் என்று ஒரு வரி பதில் வரலாம். அதை மருத்துவப் பின்கவனிப்பு என்று எப்படி ஏற்பது?

உயிர் போனால் செய்தியாகிறது. 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராசில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும்போது 23 வயதுப் பெண் இறந்தார், நாடே பதறியது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் 21 வயதில் இறந்தார். தமிழ்த் தொலைக்காட்சிகளும் இரண்டு நாள் பேசின. ஆனால் முகம் கெட்டவர்களைப் பற்றிச் செய்தி வருவதில்லை. அவர்கள் வாயைத் திறப்பதில்லை. இந்த வயதில் இதெல்லாம் உனக்குத் தேவையா என்று உறவினர் கேட்பார்களே என்ற கூச்சம் அவர்களைக் கட்டிப்போடுகிறது. 2018இல் ஜகார்த்தாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ரத்னா சரும்பேட் என்ற பிரபல சமூகச் செயற்பாட்டாளர், முக அறுவையால் வந்த வீக்கத்தை மறைக்க, தன்னை யாரோ தாக்கிவிட்டதாகக் கதை கட்டினார். அதிபர் வேட்பாளர் வரை அதை நம்பினார்கள். உண்மை வெளிவந்து, மறு ஆண்டு அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அறுவை செய்துகொண்டேன் என்று சொல்வதைவிட அடிபட்டேன் என்று சொல்வது மானம் என்று படித்த பெண்ணே நினைக்கும் சமூகச் சூழலில், எளிய குடும்பத்துப் பெண் எப்படிப் புகார் எழுதுவார்? போலிகள் கொழுப்பது இந்த மௌனத்தை வைத்துத்தான். புகார் வரவில்லை என்று அதிகாரிகள் கைகட்டி நிற்பதும் இதே மௌனத்தைக் காட்டித்தான்.

விளம்பர அபராதத்தைத் தவிர்த்தால், சட்டப் புத்தகத்தில் பெரிய குறையில்லை. 2006இல் நடைமுறைக்கு வந்த தனியார் சுகாதார நிலையங்கள், சேவைகள் சட்டத்தின்படி, பதிவோ உரிமமோ இல்லாமல் மருத்துவ நிலையம் நடத்தும் தனிமனிதருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனமாக இருந்தால் 5 லட்சம் வரை. திருத்தப்பட்ட மருத்துவச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகு, தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயரில்லாதவர் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவர்கள் அமைச்சின் எல்சிபி அனுமதிக் கடிதம் பெற வேண்டும். அதைப் பெற்றாலும் முகத்தூக்க அறுவை அவர்களுடைய எல்லைக்குள் வராது. அழகு நிலையக்காரருக்கு ஊசியைத் தொடவே உரிமையில்லை.

நீதிமன்றமும் தன் கடமையைச் செய்துவிட்டது. 2006 டிசம்பர் 29 அன்று ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சையின் ஆபத்துகளைச் சொல்லும் விஷயத்தில், மற்ற மருத்துவர்களும் இப்படித்தான் செய்வார்கள் என்ற சாக்கு செல்லாது; தெரிந்து முடிவெடுக்கும் உரிமை நோயாளியுடையது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகும் நடப்பது என்ன? விற்பனை ஆலோசகர் என்ற பெயரில் ஒருவர் முன்பணம் வாங்கிக்கொள்கிறார். மயக்க மருந்து கொடுக்கும் நாள் காலையில், ஆங்கிலத்திலோ மலாயிலோ அச்சிட்ட பல பக்கத் தாளை நீட்டி, கையெழுத்திடுங்கள் என்கிறார்கள். அறுக்கப்போகிறவர் முகத்தை நோயாளி முதன்முதலாகப் பார்ப்பதே அப்போதுதான் என்றால் அது எந்த வகைச் சம்மதம்? இப்படி நடத்தும் இடம் எதுவானாலும் கூட்டரசு நீதிமன்றத்தின் தீர்ப்பை மிதிக்கிறது என்றே சொல்வோம்.

ஆஸ்திரேலியா இதே நோயைக் கண்டு விழித்துக்கொண்டது. 2023 ஜூலை 1 முதல் அங்கே அழகியல் அறுவைக்குக் குடும்ப மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். குறைந்தது இரண்டு முறை மருத்துவரைச் சந்தித்திருக்க வேண்டும். சம்மதம் தந்த பிறகு ஏழு நாளாவது கழியாமல் அறுவைக்குத் தேதியும் குறிக்கக் கூடாது, முன்பணமும் வாங்கக் கூடாது. அதே ஆண்டு செப்டம்பரில், உரிய பயிற்சி இல்லாத மருத்துவர் தன்னை அறுவை நிபுணர் என்று அழைத்துக்கொள்வதையும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியவில்லை?

பதிலாகச் சில வாதங்கள் வரும். இது வசதி படைத்தவர்களின் ஆசை, அரசாங்கம் ஏன் தலையிட வேண்டும் என்பது ஒன்று. உண்மையான நிபுணரிடம் போகும் வசதி இருப்பவர் எப்படியும் தப்பித்துக்கொள்வார். தவணையில் கட்டி, மலிவு விலைக்கு மயங்கிச் சிக்கிக்கொள்பவர் வசதி குறைந்தவரே. பாதுகாப்பு தேவைப்படுவதும் அவருக்குத்தான். வயது வந்தவர் தாமே எடுத்த முடிவு என்பது இன்னொன்று. பொய்ப் படத்தைக் காட்டிப் பெற்ற முடிவை ஒருவரின் சொந்த முடிவு என்று சொல்ல வாய் கூசவேண்டும். குறைகளைப் பேசினால் பினாங்கின் பெயர் கெடும் என்பது மூன்றாவது. இந்தத் தீவின் மருத்துவப் பெயரைக் கட்டியெழுப்பியவர்கள் இதயத்தையும் புற்றுநோயையும் கவனித்த நல்ல மருத்துவர்களும் தாதியரும். அவர்கள் சேர்த்த நம்பிக்கையைத்தான் நூல் வியாபாரிகள் செலவழிக்கிறார்கள். பெயரைக் காப்பாற்ற விரும்புகிறவர் முதலில் அந்தத் திருட்டை நிறுத்தட்டும்.

ஆகவே நாம் கோருவது இவை.

ஒன்று: சுகாதார அமைச்சு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் அபராதத்தை, தனியார் சுகாதார நிலையங்கள் சட்டத்தின் அபராதத்துக்கு நிகராக உயர்த்த வேண்டும். ஒவ்வொரு விளம்பரமும் தனிக் குற்றமாக எண்ணப்பட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பாராட்டும் இணையப் பிரபலங்களும் அந்தச் சட்டத்துக்குள் வரவேண்டும்.

இரண்டு: மருந்து விளம்பர வாரியம், முகத்தூக்கம் என்ற பெயரை அறுவைக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். நூலும் ஊசியும் கருவியும் தங்கள் சொந்தப் பெயரிலேயே, பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்ற எச்சரிக்கையோடு விற்கட்டும். மருத்துவரின் பெயரும் நிபுணர் பதிவும் இல்லாத விளம்பரத்துக்கு அனுமதி எண் தரக்கூடாது.

மூன்று: முகத்தூக்க அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் முதல் மாதம், முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு என நோயாளியைத் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். இரத்தக்கட்டு, நரம்புச் சேதம், தழும்புக் கேடு, மறு அறுவை ஆகியவற்றின் எண்ணிக்கை நோயாளியின் பெயரில்லாமல் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். உரிமம் புதுப்பிக்க அதுவே நிபந்தனையாகட்டும்.

நான்கு: அறுக்கப்போகும் மருத்துவரே இரண்டு முறை நேரில் பேச வேண்டும். சம்மதத்துக்கும் அறுவைக்கும் நடுவில் ஏழு நாளாவது கழிய வேண்டும். சம்மதப் படிவம் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் இருக்க வேண்டும்.

ஐந்து: மாநில அரசாங்கமும் மலேசிய மருத்துவப் பயண மன்றமும், வெளிநாட்டு நோயாளியின் சொந்த ஊரில் பின்கவனிப்புக்கு மருத்துவரை ஏற்பாடு செய்யாத நிலையத்தைத் தங்கள் விளம்பரத்தில் சேர்க்கக் கூடாது. மலேசிய மருத்துவச் சுற்றுலா ஆண்டாக 2026ஐ அறிவித்தவர்களுக்கு இந்தப் பொறுப்பு இரட்டிப்பு.

ஆறு: அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு நடத்தும் சோதனைகளின் முடிவைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். ஊசியோ கத்தியோ பிடிபடும் அழகு நிலையத்தின் வியாபார உரிமத்தைப் பினாங்கு தீவு மாநகர் மன்றம் அன்றே ரத்து செய்ய வேண்டும். புகார் தருபவரின் பெயரைக் காக்கும் தனி வழியும் வேண்டும்.

ஏழு: தமிழ் நாளிதழ்களும் வானொலிகளும் அனுமதி எண் இல்லாத அழகு விளம்பரத்தை வாங்க மறுக்க வேண்டும். தங்கத் தீபாவளிச் சலுகை என்று நம் பெண்களின் காதில் ஓதிவிட்டு, கேடு வந்த பின் அனுதாபச் செய்தி போடுவது ஊடக தர்மமாகாது.

பிளாஸ்டிக் அறுவை நிபுணர்களின் சங்கத்துக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. போலிகளைக் கண்டித்து நீங்கள் அறிக்கை விடுவது சரி. உங்கள் உறுப்பினர்கள் தங்கள் ஐந்தாண்டுப் பலன்களைத் தாங்களாகவே வெளியிட என்ன தடை? நல்ல கைவேலைக்காரர் அதைக் காட்ட அஞ்சமாட்டார். நீங்கள் காட்டினால், காட்டாதவர் யார் என்று மக்கள் தாமே புரிந்துகொள்வார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம், மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் காலத்திலிருந்து பாதரசம் கலந்த முகக் களிம்புகளை அம்பலப்படுத்திய அமைப்பு. களிம்பில் காட்டிய அதே கண்டிப்பைக் கத்தியிலும் காட்ட அதற்கு எல்லாத் தகுதியும் உண்டு.

இவை நடக்கும் வரை வாசகர்கள் ஏமாறத் தேவையில்லை. மலேசிய மருத்துவ மன்றத்தின் மெரிட்ஸ் தளத்தில் மருத்துவரின் பெயரையும், தேசிய நிபுணர் பதிவேட்டில் அவருடைய துறையையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்தப் படலத்தைத் தூக்குவீர்கள், மயக்க மருந்து கொடுப்பவர் யார், இரவில் இரத்தம் கட்டினால் யாரை அழைப்பது, ஈராண்டு கழிந்த உங்கள் நோயாளியின் படம் உண்டா, மறு அறுவை வேண்டியிருந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் உங்கள் முகத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணத்தை இன்றே கட்டினால் தள்ளுபடி என்று சொல்லும் இடத்திலிருந்து அன்றே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் வாசகரின் எச்சரிக்கையைக் காட்டி அரசாங்கம் தப்பித்துக்கொள்ள முடியாது. நாம் கேட்பவற்றில் எதற்கும் புதிய ஆய்வுக்குழுவோ வெளிநாட்டுப் பயணமோ தேவையில்லை. அபராதத்தை உயர்த்த ஒரு திருத்த மசோதா போதும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அமைச்சின் சுற்றறிக்கையும் உரிம நிபந்தனையும் போதும். நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் அந்த மசோதா வரவேண்டும். பினாங்கிலிருந்து போயிருக்கும் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் எழுந்து அதைக் கேட்க வேண்டும். கேட்டவர் யார், வாய்மூடி உட்கார்ந்திருந்தவர் யார் என்று பெயரோடு எழுதுவோம். வருகிற வெள்ளியை மட்டும் எண்ணிக்கொண்டு வெட்டுப்பட்ட முகங்களைக் காண மறுக்கும் அரசாங்கம், இந்த மோசடிக்குச் சாட்சி என்ற நிலையைத் தாண்டி அதன் பங்காளி என்ற பெயரையே வாங்கும்.